பூட்டைப் பிடித்தவள் விடவேண்டும்

என் மகனே,

வழக்கம்போலப் பிள்ளைகளின் வெற்றிகளில் இருந்தே தொடங்குகிறேன். உன் மூத்தவள் நீச்சலில் இரண்டாவதாக வந்ததை அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி விற்கிறவர்கள்வரை சொல்லி முடித்துவிட்டேன். "எத்தினையாவது?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் முதலாவது என்றேன். நோர்வேத் தண்ணீரில் யார் முன்னே யார் பின்னே என்று இங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? உன் சின்னவன் தமிழ்ப் பள்ளியில் தேவாரம் பாடிக் கிண்ணம் வாங்கினான். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டான், ஆனாலும் நிற்காமல் பாடினான். அது அவனுடைய அப்பப்பாவின் குணம். பெரியப்பாவின் பேரனுக்கு ஓலெவலில் ஒன்பது ஏ. அவனுடைய தாய் ஒழுங்கை முழுக்க மோதகம் கொடுத்தாள். இன்னொரு பிள்ளையும் இருக்கிறாள். கம்பஸில் கொம்பியூட்டர் படிக்கிறாள், இந்த வருடம் வகுப்பில் அவள்தான் முதலாவது. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. பெயர் ஜெனிற்றா. உன் தங்கச்சி சுகந்தியின் மகள். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு நான் ஒப்புவிக்கும் பட்டியலில் அவளுடைய பெயர் வந்ததில்லை. ஏன் வந்ததில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரெலிபோனில் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். ரெலிபோனில் நீ "அம்மா" என்றதும் என் வாய் மழைக்கும் மாட்டுக்கும் போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கை ஓடாது, எழுத்தும் கோட்டில் நிற்காது. என்றாலும் தாளில் வைத்ததை விழுங்க முடியாது. உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன், இன்னொன்றைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஊர் வாசிக்கட்டும். நான் செய்த பிழை அச்சில் வந்தது, திருத்தமும் அச்சில் வரவேண்டும்.

உன்னுடைய வெற்றியையும் இதில் சேர்க்கவேண்டும். போன வருடம் ஒரு ஞாயிறு காலை நீ ரெலிபோன் எடுத்து, "அம்மா, முடிஞ்சுது. கடைசிப் பூட்டையும் எடுத்தாச்சு" என்றாய். உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டு எத்தனையோ வருடம். அன்றைக்கே முன்வீட்டுப் பரமேசக்காவிடம் ஓடினேன். "என்ரை மகன் கொம்பியூட்டருக்குள்ளை இருந்த பெரிய பூட்டை எடுத்துப்போட்டான்" என்றேன். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, பிடிபட்டவனோ?" என்றாள். அதைச் சொல்லி நீயும் நானும் சிரித்தோம்.

பிறகு நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். கொம்பியூட்டரில் நாங்கள் பார்க்கிற படம், எழுத்து எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறதாம், கேர்னல் என்று பெயராம். எந்த வேலையும் அதைக் கேட்டுத்தான் நடக்குமாம். "எங்கடை பங்குக் கிணத்தை நினையுங்கோ அம்மா. ஆறு வீட்டுத் தோட்டம், ஒரு கிணறு. ஒரு ஆள் இறைச்சு முடியும்வரைக்கும் மற்றவை வரம்பிலை குந்திக்கொண்டு இருப்பினம் எல்லோ? அந்த முறைதான் பூட்டு. ஒரே ஒரு ஆள் வேலை செய்த காலத்திலை போட்டது. பிறகு வேலை செய்யிற ஆக்கள் நாலாகி, எட்டாகி, நூறாகிச்சினம். பூட்டு ஒண்டுதான்." நான் கேட்டேன்: "முறையை எடுத்தால் மண்வெட்டியாலை அடிபடுவாங்களேடா?" "அந்த அடிபாடு வராமல் எடுக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாய். பிறகு இன்னொன்றும் சொன்னாய். "எடுக்கிறது ஒரு நிமிச வேலை அம்மா. அது எதைக் காத்துக்கொண்டு நிண்டது எண்டு கண்டுபிடிக்கத்தான் வருசக்கணக்கு. போட்ட ஆள் எழுதி வைக்கேல்லை. சில இடத்திலை ஒண்டையும் காக்கேல்லை, சும்மா பழக்கத்திலை பிடிச்சுக்கொண்டு நிக்கினம். சில இடத்திலை தொட்டால் எல்லாம் சரியும்." நான் "ஓம், ஓம்" என்றேன். அடுப்பில் சோறு கொதித்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பூட்டு இருந்தது. அது எதைக் காத்தது என்று போட்டவளே இப்போது எழுதி வைக்கிறேன்.

அப்பா போனது ஊரடங்கு நாட்களில். விமானம் இல்லை, நீ வர வழியில்லை. ரெலிபோனில் அழுதாய். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேப்பரில் போடும் மரண அறிவித்தலுக்கு உரிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாய். உன் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். அன்பு மகன் என்று உன்னை. அன்பு மகள் என்று சுகந்தியை. மருமகன் அந்தோனி. பேர்த்தி ஜெனிற்றா. குருநகர்க் கரையில் மீன் பிடிக்கிற வேதக்காரப் பெடியனைக் கட்டினாள் என்று எங்கள் ஆட்கள் அவளை ஒதுக்கி வைத்திருந்தது உனக்குத் தெரியும். அப்பாவும் இரண்டு வருடம் முகம் கொடுக்காமல்தான் இருந்தார். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய், அந்தோனி பிடித்து வந்த நண்டைச் சாப்பிட்டுவிட்டு, சட்டையில் குழம்புக் கறையோடு வந்து நின்றார். அதை நினைத்துத்தானோ என்னவோ நீ அன்றைக்கு அழுத்திச் சொன்னாய்: "இடம் குருநகர் எண்டே போடுங்கோ அம்மா. மறைக்கிறதுக்கு எங்களிட்டை ஒண்டும் இல்லை."

இந்தச் சொல் உன் தங்கச்சியின் காதுக்குப் போய்ச் சேரவேயில்லை, மகனே. அவள் சாகும்வரை போகவில்லை.

பெரியப்பா வளவுக்குள் நின்று கொப்பியை வாங்கி வாசித்தார். "குருநகர் எண்டு பேப்பரிலை வந்தால் நான் என்ரை பெடியனைக் கொள்ளிக்கு விடமாட்டன்" என்றார். நீ இல்லை. கொள்ளி வைக்க அவருடைய மகனைவிட்டால் ஆள் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னேரத்துக்குள் பிரேதத்தை எடுத்துவிடவேண்டும் என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கூடத்தில் உன் அப்பா கிடக்கிறார். நான் பேனையை எடுத்தேன். அது ஓடவில்லை. உதறி உதறி மூன்று பெயரையும் வெட்டினேன். இதைச் சொல்லி என்னை நியாயப்படுத்தவில்லை. ஒழுங்கையில் போகிற யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நானே கொள்ளி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர் என்ன, என்னைத் தின்றிருக்குமா? அந்த நேரம் அது தோன்றவில்லை.

சுகந்தி அந்தோனியின் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைகளுக்குள்ளால் வந்தாள். வாசல் படலையடியில் யாரோ கையில் வைத்திருந்த ரெலிபோனில் அறிவித்தலைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, பிறகு கீழிருந்து மேலே ஒரு தடவை வாசித்தாள். நான் அப்பாவின் தலைமாட்டில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

அன்று பின்னேரம் நீயும் அவளும் தனித்தனியே எனக்கு ரெலிபோன் எடுத்தீர்கள். நீ கேட்டாய்: "தங்கச்சியின்ரை பேர் எங்கை அம்மா?" நான் சொன்னேன்: "அவள்தான் தன்ரை பேரைப் போடவேண்டாம் எண்டவள்." அவள் கேட்டாள்: "அண்ணையோ வெட்டினவர்?" நான் சொன்னேன்: "அவன் சொன்ன பட்டியல் அப்பிடி." இரண்டு பொய்க்கும் நடுவில் நான் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தேன். எட்டுச் செலவுச் சடங்கு முடியட்டும், அந்தியேட்டி முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்வோம் என்று நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்வது லேசாகும் என்று நினைத்தேன், மகனே. அது எதிர்ப்பக்கமாகத்தான் போனது.

அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே வழி நான்தான். நீங்கள் நேரே கதைத்தால் என் பொய் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அதனால் கதைக்க விடவில்லை. நீ "அவள் ஏதும் கேட்டவளோ?" என்பாய், "சுகமாம்" என்பேன். அவள் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் மீனோடு வருவாள். குசினிக்குள் செதில் சுரண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணை ஏதும் கதைச்சவரோ?" என்பாள்; "வேலை கூடவாம்" என்பேன். நீ வருடா வருடம் புகழுகிற மிளகாய்த் தூள், "உங்கடை கையாலை வறுத்த தூள் மாதிரி இங்கை ஒரு கடையிலையும் இல்லை" என்று சொல்வாயே, அதை நான்கு வருடமாக வறுத்தது அவள். எனக்கு அடுப்படியில் நிற்க முழங்கால் விடாது. மிளகாயைக் காம்பு ஆய்ந்து, வெயிலில் போட்டு, வறுத்து, அரைப்பித்து, பொதியின் மேல் உன் பெயரைத் தன் கையால் எழுதிக் கொண்டுவந்து தருவாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு ஆளைக்கொண்டு எழுதுவித்து அனுப்புவேன். படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுங்கள் என்று நீ ஒரு லப்டொப் அனுப்பினாயே, அதை ஜெனிற்றாவுக்குக் கொடுத்தேன். மாமா தந்தது என்று சொல்லவில்லை. கோயில் கமிட்டி கொடுத்தது என்றேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டேதான் இருந்தீர்கள். பெயரைக் கிழித்தவள் நான்.

அவளுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது போன வருடம். உன் பூட்டு வேலை முடிந்த செய்தியை அவளுக்குச் சொன்னபோது அவளுக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. அப்போதும் சிரித்தாள். "சின்னனிலை என்ரை பென்சில் பெட்டியையும் உப்பிடித்தான் கழட்டி வைச்சவர்" என்றாள். "அண்ணைக்கு என்ரை வருத்தத்தைச் சொல்லாதேங்கோ அம்மா. அவர் தானாக் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ" என்றாள். நீ ஒவ்வொரு ஞாயிறும், "வேறை என்ன புதினம்?" என்றாய். அது கேட்டதுதானே? நான் "ஒண்டுமில்லை" என்றேன். அவள் போன அன்றைக்குத்தான் உனக்குச் சொன்னேன். நீ சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாய்: "நான் வாறதை அவள் விரும்பியிருப்பாளோ அம்மா?" அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். "இனி வந்து என்ன செய்யிறது" என்றேன். நீ வரவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவரை மற்றவர் இல்லாமல் மண்ணுக்குக் கொடுத்தேன்.

அவளுடைய அறிவித்தலை நீ பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்தாய். "சகோதரர் எண்டு என்ரை பேரை ஆர் போட்டது?" என்றாய். "அங்கை ஆரோ" என்றேன். அதுதான் நான் உனக்குச் சொன்ன கடைசிப் பொய். போட்டது அவள். ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் தன் அறிவித்தலைத் தானே எழுதி வைத்திருந்தாள். கணவர், மகள் இரண்டுக்கும் பிறகு உன் முழுப்பெயர், உன் நாடு. அதன் கீழே கோடு போட்டு ஒரு குறிப்பு: "இந்தப் பேரை ஒருத்தரும் வெட்டக் கூடாது."

அவளுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அடுத்த சனிக்கிழமை ஜெனிற்றா வந்தாள். அவளுடைய அம்மா வருகிற அதே பஸ். மீன் இல்லை. அந்த லப்டொப்பை மேசையில் திறந்து உன் பெயரைக் காட்டினாள். கம்பஸில் கேர்னல் பூட்டைப் பற்றித்தான் ஆய்வு எழுதுகிறாளாம். நீ எழுதினதெல்லாம் உலகத்துக்குப் பொதுவாகக் கிடக்கிறதாம், இரண்டு வருடமாக வாசிக்கிறாளாம். அது தன் மாமா என்று தெரிந்தும், "முதலிலை அவர் கதைக்கட்டும்" என்று அம்மா சொன்னதால் ஒரு வரி எழுதவில்லையாம்.

"இந்தக் கடைசி வரியை மாமா எடுத்ததோடை பூட்டு இல்லாமல் போச்சுது அம்மம்மா."

"எடுத்ததோ, எழுதினதோ?"

"எடுத்தது. அவர் எழுதினதைவிட எடுத்ததுதான் கூட."

"எடுக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்றேன். அவள் சிரித்தாள். சுகந்தியின் பல் அவளுக்கு. பிறகு சொன்னாள்: "பெரிய பூட்டை எடுத்துச் சின்னச் சின்னப் பூட்டுப் போடேக்கை ஒரு ஆபத்து இருக்கு. ஒருத்தன் ஒரு பூட்டைப் பிடிச்சுக்கொண்டு மற்றதுக்குக் காத்துக்கொண்டு நிப்பான். மற்றவன் அதைப் பிடிச்சுக்கொண்டு இவன்ரைக்குக் காத்துக்கொண்டு நிப்பான். இரண்டு பேரும் விடமாட்டினம்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. அப்பிடியே நிக்கும். பிழை எண்டு சொல்லாது, சத்தமும் வராது. பாக்கிற ஆளுக்கு எல்லாம் சரி மாதிரித்தான் கிடக்கும்."

"அதை எப்பிடித் தீர்க்கிறது பிள்ளை?"

"இரண்டிலை ஒண்டை முடிக்கவேணும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. லப்டொப்புக்குப் பக்கத்தில் சுகந்தியின் படம் போட்ட பூசைச் சீட்டுக் கிடந்தது. பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, பேனை, இரண்டு பொய், தூள், லப்டொப், ஒன்றும் விடவில்லை. அவள் அழவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இரண்டு கோப்பை கழுவ அவ்வளவு நேரம் யாருக்கும் எடுக்காது. வந்து கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமாவுக்கு நான் சொல்லமாட்டன் அம்மம்மா. பூட்டைப் பிடிச்ச ஆள்தான் விடவேணும். வேறை ஆள் விட்டால் அது அதைவிடப் பெரிய பிழை" என்றாள். புத்தகப் பையைத் தோளில் போட்டாள். "வாறன்" என்று சொல்லாமல் போனாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வந்து போய்விட்டது. பஸ் சத்தம் கேட்டுப் படலைக்குப் போய்ப் பார்ப்பேன். அவள் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க எனக்கு முகமும் இல்லை.

ஆகவே விடுகிறேன். உன் தங்கச்சி உன்னை வெறுக்கவில்லை. உன் பெயரைத் தன் சாவில்கூட யாரும் வெட்டாமல் காவல் போட்டுவிட்டுப் போனாள். நீ அவளைக் கைவிடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அதை இனி எந்தப் பத்திரிகையில் போட்டாலும் அவள் வாசிக்கமாட்டாள். இந்த ஒன்றை மட்டும் என்னால் எந்தப் பக்கமும் நகர்த்த முடியவில்லை. இந்த இடத்தை எழுத எனக்கு நான்கு நாள் எடுத்தது.

உனக்குப் புத்தி சொல்ல இனி எனக்கு வாய் இல்லை. ஆனாலும் தாய் என்கிறபடியால் ஒன்று சொல்கிறேன். உன் மகளும் மகனும் கோபித்துக்கொண்டால் நடுவில் போய் நிற்காதே. இவன் சொன்னதை அவளிடம் கொண்டுபோகாதே, அவள் சொன்னதை இவனிடம் கொண்டுபோகாதே. கத்தட்டும், கதவை அடிக்கட்டும், ஆனால் அவர்களே கதைக்கட்டும். சமாதானம் செய்கிறேன் என்று உள்ளே போகிற தாய்தகப்பனுக்கு வெளியே வரும் வழி தெரியாது. மன்னிப்பை நான் கேட்கவில்லை. நீ அடுத்த ஞாயிறு ரெலிபோன் எடுக்காவிட்டாலும் எனக்கு விளங்கும். எடுப்பதென்றாலும் முதலில் எனக்கு எடுக்காதே. ஜெனிற்றாவுக்கு எடு. அவளுடைய இலக்கமும் விலாசமும் உனக்கு வரும் தாளின் பின்பக்கத்தில் மட்டும் இருக்கிறது, அச்சில் வராது.

கடைசியாக ஒரு கேள்வி. குருநகர் வீட்டில் இரண்டு படம் வைக்கிற சட்டம் ஒன்று இருக்கிறது. சுகந்தி வாங்கியது. "அண்ணையின்ரை புதுப்படம் ஒண்டு இருந்தால் தாங்கோ அம்மா" என்று வருடா வருடம் கேட்டாள். நீ அனுப்பிய படங்கள் என் மேசை லாச்சியில் கிடந்தன. நான் கொடுக்கவில்லை, படத்தைக் கொடுத்தால் பேச்சு வரும் என்று பயந்தேன். இப்போது ஒரு பக்கத்தில் அவளுடைய படம் இருக்கிறது. மற்றப் பக்கம் வெறும் கண்ணாடி. செத்தவரோடு உயிரோடு இருப்பவரின் படத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று முதலில் கத்துகிறவள் நான்தான். இந்தமுறை கத்தமாட்டேன். லாச்சியில் இருக்கிறதையே எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அது திரும்பவும் என் கையால் போனதாக இருக்கும். புதிதாக ஒன்று எடு. சிரிக்கவேண்டாம், இந்த மாதம் நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே நில். படத்தின் பின்பக்கத்தில் உன் பெயரை உன் கையால் எழுதி, ஜெனிற்றாவுக்குத் தபாலில் போடு, ராசா. எனக்கு அனுப்பாதே.